பாண்டிச்சேரிக்குக் கட்டம் போட்டது யார்? கையால் வரைந்த பழைய வரைபடங்கள் சொல்லும் கதை!

புதுச்சேரியின் நேர்நேரான தெருக்களைப் பார்த்தால் 'பிரெஞ்சுக்காரன் போட்ட ஊர்' என்போம். ஆனால், 330 ஆண்டுகளுக்கு முன்பு மையால் வரைந்த சில தாள்கள் வேறு பெயரைச் சொல்கின்றன. நாடு நாடாகச் சிதறிக் கிடந்த அந்தத் தாள்களை ஒருவர் தேடிச் சேர்த்த கதை இது.

பத்திரத்தில் ஒளிந்திருக்கும் பிரெஞ்சுச் சொல்

தட்டாஞ்சாவடியில் வீடோ மனையோ வைத்திருப்பவர்கள் தங்கள் பத்திரத்தின் சொத்து விவரப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்கலாம். ஆர்.எஸ். எண் இருக்கும். அதன் பக்கத்திலேயே பெரும்பாலும் இன்னொரு எண்ணும் இருக்கும். அதுதான் கேடஸ்டர் எண்.

விழுப்புரத்திலோ கடலூரிலோ பத்திரம் எழுதுபவர்களுக்கு இந்தச் சொல் பழக்கமில்லை. அங்கே சர்வே எண்தான். கேடஸ்டர் என்பது பிரெஞ்சு ஆட்சி விட்டுப்போன சொல். யாருடைய நிலம், எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று அளந்து எழுதிய பதிவேட்டுக்கு அந்த மொழியில் அதுதான் பெயர். 1954 நவம்பர் 1-ல் பிரெஞ்சு நிர்வாகம் கைமாறியது. 1962-ல் சட்டப்படியும் புதுச்சேரி இந்தியாவோடு சேர்ந்தது. ஆட்சி போனது, அந்தச் சொல் மட்டும் பத்திரத்தில் தங்கிவிட்டது.

அப்படி ஒரு எண் இருக்கிறது என்றால் அதன் பின்னால் ஒரு வரைபடம் இருக்கிறது என்று அர்த்தம். வெயிலில் சங்கிலி இழுத்து அளந்த ஒருவரும், அதைத் தாளில் கோடாக்கிய இன்னொருவரும் இருந்திருக்கிறார்கள். புதுச்சேரியைப் பொறுத்தவரை இந்தக் கோடுகள் 17-ம் நூற்றாண்டு வரை பின்னோக்கிப் போகின்றன. செயற்கைக்கோளும் அச்சு வரைபடமும் இல்லாத காலத்தில், தூவலும் மையும் நீர்வண்ணமும் கொண்டு கையாலேயே வரைந்த தாள்கள் அவை.

ஒருவர் தேடினார்

அந்தத் தாள்களைத் தேடிச் சேர்த்து ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டுப் பார்த்தவர் ழான் தெலோஷ். 1929-ல் பிறந்த பிரெஞ்சு அறிஞர். பல பத்தாண்டுகள் புதுச்சேரியிலேயே வாழ்ந்து ஆய்வு செய்தவர். பிரெஞ்சு தூரகிழக்கு ஆய்வுப் பள்ளியிலும், செயின்ட் லூயி வீதியில் 1955 முதல் இயங்கிவரும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்திலும் அவருடைய பணி நடந்தது. ரயில் வருவதற்கு முந்தைய இந்தியாவின் சாலைகள், படகுகள், மாட்டுவண்டிகள் பற்றி விரிவாக எழுதியவர். செஞ்சிக் கோட்டையைப் பற்றியும் தனிப் புத்தகம் எழுதியிருக்கிறார். 2019-ல் மறைந்தார்.

பழைய புதுச்சேரி பற்றிய அவருடைய மூன்று நூல்கள் இந்தக் கதைக்கு முக்கியம். 2002-ல், 1777-ம் ஆண்டின் வெள்ளை நகர நிலப் பதிவேட்டைப் பதிப்பித்தார். 2004-ல், 17-ம் நூற்றாண்டின் டச்சு வரைபடங்களை வைத்து ஊரின் தொடக்கத்தை ஆராய்ந்தார். 2005-ல், 1673 முதல் 1824 வரையிலான பழைய வரைபடங்களை வைத்து ஊரின் வளர்ச்சியை முழுமையாக எழுதினார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. புதுச்சேரியின் பழைய வரைபடங்களில் பெரும்பாலானவை புதுச்சேரியில் இல்லை!

ஊர் இங்கே, வரைபடம் எங்கே?

இந்த வரைபடங்களை வரைந்தவர்கள் பெரும்பாலும் கம்பெனிகளின் பொறியாளர்கள், ராணுவத்தினர். யாருக்காக வரைந்தார்கள்? கடலுக்கு அப்பால் பாரீஸிலும் ஆம்ஸ்டர்டாமிலும் லண்டனிலும் உட்கார்ந்திருந்த முதலாளிகளுக்காகவும் அமைச்சர்களுக்காகவும்தான். 'கோட்டை கட்டப் பணம் வேண்டும்', 'ஊர் இப்படி வளர்ந்திருக்கிறது', 'எதிரியின் அரண் இங்கே பலவீனம்' என்று எழுதும் கடிதத்தோடு வரைபடமும் கப்பலேறியது.

இதனால் பிரெஞ்சு வரைபடங்கள் பாரீஸின் தேசிய நூலகத்திலும், தென் பிரான்சின் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரிலுள்ள கடல்கடந்த பகுதிகளுக்கான ஆவணக் காப்பகத்திலும் போய்ச் சேர்ந்தன. டச்சு வரைபடங்கள் நெதர்லாந்தின் ஹேக் நகரத் தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போயின. முற்றுகையிட்ட ஆங்கிலேயர்கள் வரைந்தவை லண்டனுக்குப் போயின.

ஒரே ஊரை வெவ்வேறு நாட்டுக்காரர்கள் வெவ்வேறு ஆண்டில் வெவ்வேறு அளவில் வரைந்திருக்கிறார்கள். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் அழகான படம். தேதி வாரியாக அடுக்கிப் பார்த்தால்தான் ஊர் வளர்வதும் இடிவதும் மறுபடி எழுவதும் தெரியும். தெலோஷ் செய்தது அந்த அடுக்கும் வேலையைத்தான்.

டச்சுக்காரர்கள் இருந்த 6 ஆண்டுகள்

1673-ல் பிரெஞ்சுக்காரர்கள் இங்கே கால்வைத்தார்கள். வலிகண்டபுரத்திலிருந்து ஆண்ட ஷேர்கான் லோடி கொடுத்த அனுமதி அது. அடுத்த ஆண்டு வந்த பிரான்சுவா மர்த்தேன்தான் இந்தச் சின்னக் குடியிருப்பைக் கட்டிக் காத்தவர். அப்போது இங்கே துணி நெய்பவர்களும் மீனவர்களும் வணிகர்களும் வாழ்ந்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் தேடி வந்தது அந்தத் துணியைத்தான்.

1693 செப்டம்பரில் டச்சுக்காரர்கள் பெரும் கப்பற்படையோடு வந்து ஊரைப் பிடித்தார்கள். 1697-ல் ஐரோப்பாவில் கையெழுத்தான ரிஸ்விக் ஒப்பந்தப்படி ஊரைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. உண்மையில் ஊர் கைமாறியது 1699-ல். ஆக, டச்சுக்காரர்கள் இங்கே இருந்தது ஏறக்குறைய 6 ஆண்டுகள் மட்டுமே.

ஆனால், 6 ஆண்டில் கிளம்பிவிடுவோம் என்று நினைத்து அவர்கள் வரவில்லை. நிலைத்துத் தங்கும் எண்ணத்தோடுதான் ஊரை அளந்தார்கள். 1694-ம் ஆண்டு வரைபடத்தில் தெருக்கள் சதுரங்கப் பலகைபோல ஒன்றையொன்று செங்குத்தாக வெட்டிச் செல்கின்றன. கைத்தொழில் செய்பவர்கள் எங்கே, நெசவாளர்கள் எங்கே என்று யோசித்து வகுத்த அமைப்பு அது. துணிதான் வியாபாரம் என்பதால் தறிக்காரர்களை ஊருக்குள் இழுத்து உட்கார வைப்பது கம்பெனிக்கு அவசியமாக இருந்தது.

1699-ல் திரும்பி வந்த பிரெஞ்சுக்காரர்கள் இந்தக் கட்டத்தைக் கலைக்கவில்லை. அதன் மேலேயே ஊரை வளர்த்தார்கள். இன்று நேரு வீதியிலிருந்து திரும்பி மிஷன் வீதிக்குள் நுழையும்போது நாம் எடுக்கும் அந்த 90 டிகிரித் திருப்பத்துக்கு டச்சு அளவையாளர்களும் காரணம். 'பிரெஞ்சு நகரம்' என்று சுற்றுலாக் கையேடுகள் விற்கும் அழகில் டச்சுக் கையும் இருக்கிறது. தறி போட இங்கே குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் பங்கும் இருக்கிறது.

இதை ஊகமாகச் சொல்லியிருந்தால் யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். தேதி போட்ட தாளை எடுத்து வைத்ததால்தான் கதை மாறியது.

கோடுகளைப் படிப்பது எப்படி?

பழைய வரைபடத்தைப் பார்ப்பது கூகுள் மேப் பார்ப்பது போல இல்லை.

முதல் சிக்கல் திசை. வடக்கு எப்போதும் மேலே இருக்கும் என்பது நம் காலத்துப் பழக்கம். கப்பலில் வருபவன் கண்ணில் ஊர் எப்படித் தெரியுமோ அப்படிக் கடலைக் கீழேயும் ஊரை மேலேயும் வைத்து வரைந்த கடற்கரை வரைபடங்கள் நிறைய உண்டு. திசைகாட்டிக் குறி எங்கே என்று பார்த்துத் தாளைத் திருப்பிக்கொள்ள வேண்டும்.

அடுத்து அளவு. மீட்டர் என்பது பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு வந்தது. அதற்கு முந்தைய பிரெஞ்சு வரைபடங்களில் 'துவாஸ்' என்ற அலகு இருக்கும். ஒரு துவாஸ் ஏறக்குறைய 1.95 மீட்டர். டச்சுக்காரர்களிடம் 'ரூட்' என்ற கோல் அளவு புழங்கியது. ரைன்லாந்து கோல் ஒன்று சுமார் 3.77 மீட்டர். இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தால்தான் இரண்டு தாள்களையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துப் பார்க்க முடியும்.

மூன்றாவது நிறம். பிரெஞ்சு ராணுவப் பொறியாளர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஏற்கெனவே நிற்கும் செங்கல், கல் கட்டடத்துக்குச் சிவப்பு. இனிமேல் கட்டப்போவதற்கு மஞ்சள். இது தெரியாமல் பார்த்தால், கட்டவே கட்டாத மதிலைக்கூட 'அந்தக் காலத்தில் இருந்தது' என்று எழுதிவிடுவோம்!

இதுதான் பெரிய பொறி. வரைபடத்தில் இருப்பதெல்லாம் தரையில் இருந்ததாகாது. மேலிடத்தைக் குளிர்விக்க வரைந்தவை உண்டு. போருக்காக வரைந்த தாளில் கோட்டை கச்சிதமாக இருக்கும், மக்கள் குடியிருப்போ வெறும் கட்டங்களாக இருக்கும். அதனால் ஒரு தாளை மட்டும் நம்பக் கூடாது. முந்தைய வரைபடம், அடுத்த வரைபடம், கடிதங்கள், ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு என எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்துச் சரிபார்க்க வேண்டும்.

ஊர் இடிந்தது, தெரு மிஞ்சியது

1761 ஜனவரியில், மாதக்கணக்கில் நீண்ட முற்றுகைக்குப் பிறகு, புதுச்சேரி ஆங்கிலேயரிடம் சரணடைந்தது. அயர் கூட் தலைமையிலான படை அது. ஊரைப் பிடித்ததோடு அவர்கள் நிறுத்தவில்லை, இடித்துத் தள்ளினார்கள். ஐந்து முனைகளோடு நட்சத்திரம்போல நின்ற லூயி கோட்டை தரைமட்டமானது. இன்று பாரதி பூங்காவும் ராஜ்நிவாஸும் உள்ள பகுதிதான் அந்தக் கோட்டை இருந்த இடம். பூங்காவில் குழந்தைகளோடு உட்கார்ந்து சுண்டல் சாப்பிடும் யாருக்கும் அங்கே கோட்டை இருந்த சுவடு தெரியாது. வரைபடத்தில் மட்டும் அதன் ஐந்து முனைகளும் இன்னும் கூர்மையாக இருக்கின்றன.

1765-ல் பிரெஞ்சுக்காரர்களுக்கு ஊர் திரும்பக் கிடைத்தது. ஆளுநர் லா தெ லொரிஸ்தான் காலத்தில் மறுபடி கட்டினார்கள். கைக்கு வந்தது இடிபாட்டுக் குவியல்தான். ஆனால், புதிய ஊரைப் புதிய இடத்தில் போடவில்லை. பழைய அஸ்திவாரங்களைத் தேடிப் பிடித்து, பழைய தெருக்கோட்டிலேயே சுவர் எழுப்பினார்கள். 1761-க்கு முந்தைய வரைபடத்தையும் பிந்தைய வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இது தெரிகிறது. கட்டடங்கள் மாறிவிட்டன. தெருக்கள் பெரும்பாலும் அதே இடத்தில் இருக்கின்றன.

1777-ல் வெள்ளை நகரத்தின் மனைகளைப் பதிவேடாக எழுதினார்கள். எந்த மனை யாருடையது என்ற கணக்கு அது. அடுத்த ஆண்டே, 1778-ல், ஆங்கிலேயர்கள் மறுபடி முற்றுகையிட்டு ஊரைப் பிடித்தார்கள். திரும்பக் கொடுத்தது 1785-ல். மறுபடி 1793-ல் பிடித்தார்கள். கடைசியாகப் பிரெஞ்சுக்காரர்கள் கைக்கு ஊர் வந்தது 1816-ல். இப்படிப் பந்துபோல உருண்ட ஊரில், 'இது என் மனை' என்று நிரூபிக்க ஒரு தாள் எவ்வளவு பெரிய பலமாக இருந்திருக்கும்!

வேலிக்கு அப்பால் வழுதாவூர் சாலை

இன்று ஊரைச் சுற்றிப் புல்வார் போகிறது. கடற்கரைச் சாலை, சுப்பையா சாலை, அண்ணா சாலை, சர்தார் பட்டேல் சாலை என்று நான்கு பக்கமும் வளைந்து வரும் முட்டை வடிவம். அந்த முட்டைக்குள் இருந்ததைத்தான் பழைய வரைபடங்கள் 'ஊர்' என்று நுணுக்கமாக வரைந்தன.

அதற்கும் வெளியே இன்னொரு எல்லை இருந்தது. அது முள் வேலி. கள்ளியும் கற்றாழையும் முள்மரங்களும் அடர்த்தியாக வளர்த்து, குதிரைப்படை நுழைய முடியாதபடி ஊரைச் சுற்றி அமைத்த உயிர்வேலி. வெளியே போகும் முக்கியச் சாலைகள் இந்த வேலியைக் கடக்கும் இடங்களில் சிறு காவல் அரண்கள் இருந்தன. அரியாங்குப்பம், வில்லியனூர், வழுதாவூர், சென்னை என்று சாலை போகும் ஊரின் பெயரே அரணுக்கும் பெயர். 1760-61 முற்றுகை பற்றிய ஆங்கிலேயக் குறிப்புகளில் இந்தப் பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன.

இதில் வழுதாவூர் சாலைதான் இன்று தட்டாஞ்சாவடி வழியாகப் போகும் சாலை. தொழிற்பேட்டைக்கும் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கும் லாரிகள் போகிற அதே சாலை. ஒரு காலத்தில் ஊருக்குள் நுழைய விரும்பும் படைகள் கண்வைத்த வழி அது.

'தட்டாஞ்சாவடி' என்ற பெயரும் ஒரு சின்ன வரைபடம்தான். தட்டான் என்றால் பொன் வேலை செய்பவர். சாவடி என்றால் வழிப்போக்கர் தங்கும் இடம், காவல் இருக்கும் இடம், ஊர்க் காரியம் பேசும் இடம். ஊரின் விளிம்பில், சாலையோரத்தில் இருக்க வேண்டிய எல்லாமே அந்தச் சொல்லுக்குள் இருக்கின்றன.

ஊர்ப் பெயர்களும் பிரெஞ்சு எழுத்தில் வேஷம் மாறின. உழவர்கரை 'ஊல்காரே' ஆனது. இன்றும் தட்டாஞ்சாவடி அடங்கிய நகராட்சியின் பெயர் தமிழில் உழவர்கரை. ஆங்கிலப் பலகையில் மட்டும் அந்தப் பிரெஞ்சு எழுத்துக்கூட்டல்! பழைய வரைபடத்தில் தன் ஊரைத் தேடுபவர் முதலில் வாய்விட்டுப் படித்துப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஊர் காதுக்குத் தெரியும்.

பாரீஸைத் தாண்டாதவர் வரைந்த இந்தியா

கையால் வரைந்த வரைபடங்களைத் தேடிச் சேர்க்கும் பித்து புதியதில்லை. பாரீஸில் வாழ்ந்த தான்வீல் 1697-ல் பிறந்து 1782-ல் இறந்தார். இந்தியாவுக்கு வந்ததே இல்லை. ஆனால், பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக 1752-ல் புகழ்பெற்ற இந்திய வரைபடத்தை உருவாக்கினார். மாலுமிகள், பாதிரியார்கள், அதிகாரிகள் அனுப்பிய படங்களையும் குறிப்புகளையும் ஒப்பிட்டு, நம்பத் தகுந்ததை மட்டும் வரைந்தார். தெரியாத இடத்தைக் கற்பனையால் நிரப்பாமல் வெற்றாக விட்டதுதான் அவருடைய பெருமை. அவர் சேர்த்த சுமார் 10,000 வரைபடங்களை 1779-ல் பிரெஞ்சு அரசர் வாங்கினார். இன்று அவை பாரீஸ் தேசிய நூலகத்தில் உள்ளன.

தமிழ்நாட்டுக்கு இன்னொரு சேகரிப்பாளர் நெருக்கமானவர். ஸ்காட்லாந்தில் பிறந்த காலின் மெக்கன்சி, 1815-ல் இந்தியாவின் முதல் தலைமை நில அளவையாளரானார். அளக்கப் போன இடமெல்லாம் சுவடிகள், கல்வெட்டுப் படிகள், ஓவியங்கள், வரைபடங்கள் என்று சேர்த்தார். உள்ளூர் அறிஞர்கள் துணையோடு நடந்த வேலை அது. அதில் ஒரு பகுதி சென்னையில் அரசு கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கிறது. மற்றொரு பகுதி லண்டனில்.

ரஷ்யாவிலும் இப்படி ஒரு கதை உண்டு. டச்சுக்காரர்கள் புதுச்சேரியை அளந்த அதே காலத்தில், சைபீரியாவின் தொபோல்ஸ்க் நகரில் செம்யோன் ரெமேசவ் அந்தப் பனிப் பிரதேசத்தைக் கையால் வரைந்துகொண்டிருந்தார். தெற்கு மேலே, வடக்கு கீழே. சாலை இல்லாத நாட்டில் ஆறுகள்தான் வழி. அதனால் வரைபடமே ஆறுகளைப் பிடித்துக்கொண்டு போகிறது. 1701-ல் அவருடைய சைபீரிய வரைபட நூல் முடிந்தது. அவருடைய இன்னொரு வரைபடப் புத்தகம், ரஷ்யப் புரட்சிக்குப் பிறகு நாட்டைவிட்டு வெளியேறிய வரைபட ஆய்வாளர் லியோ பாக்ரவ் வழியாகக் கைமாறி, இப்போது அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. 1958-ல் அதன் அச்சுப் படி வெளிவந்ததால் உலகமே பார்க்க முடிந்தது.

சைபீரியாவின் ஆறு அமெரிக்காவில், பாண்டிச்சேரியின் தெரு ஹேக்கில். வரைந்த இடத்தில் வரைபடம் தங்குவது அபூர்வம்தான்.

வெட்டித் திருடியவர்

இந்தப் பித்துக்கு இருண்ட பக்கமும் உண்டு. பழைய வரைபடங்களுக்கு ஏலத்தில் நல்ல விலை. நூலகப் புத்தகத்திலிருந்து ஒரு தாளை வெட்டி எடுத்தால் பல நாட்களுக்கு யாருக்கும் தெரியாது. அமெரிக்க வரைபட வியாபாரி ஃபோர்ப்ஸ் ஸ்மைலி 2005-ல் யேல் பல்கலைக்கழக நூலகத்தில் பிடிபட்டார். கடைசியில் 97 வரைபடங்களைத் திருடியதாக ஒப்புக்கொண்டு சிறை சென்றார். வரைபட உலகில் எல்லோரும் மதித்த மனிதர் அவர்!

ஒரு வரைபடம் எங்கிருந்து யார் கை வழியாக வந்தது என்ற விவரம் இல்லாமல் வாங்கக் கூடாது என்பது அதன்பின் எல்லோருக்கும் உறைத்தது.

தண்ணீருக்கு வழி தெரியும்

பழைய வரைபடம் வெறும் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் 2024 நவம்பர் 30-ஐ நினைத்துப் பார்க்கலாம். ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த அந்த நேரத்தில் புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் பகுதிகளில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. படகில் ஆட்களை மீட்டார்கள்.

மழைநீர் மாஸ்டர் பிளானைப் படிப்பதில்லை. தாழ்வான இடத்தைத் தேடி, பழைய வழியிலேயே போகிறது. வெள்ளை நகரத்துக்கும் தமிழர் பகுதிக்கும் நடுவே ஓடும் பெரிய வாய்க்காலும், பெயரில் மட்டும் பழசைச் சொல்லும் சின்ன வாய்க்கால் தெருவும் ஊரின் நீர்க்கணக்கை இன்னும் நினைவூட்டுகின்றன. ஊசுட்டேரி, பாகூர் ஏரி தொடங்கிப் புதுச்சேரிப் பகுதியில் 84 ஏரிகள் என்று கணக்கு. குளங்கள் தனி. எது எவ்வளவு பரப்பில் இருந்தது, எந்த ஓடை எதில் சேர்ந்தது என்று சொல்லப் பழைய வரைபடத்தைவிட நேர்மையான சாட்சி இல்லை. மனை வாங்கும் முன் வில்லங்கம் பார்க்கிறோம். அந்த இடத்தில் முன்பு என்ன ஓடியது என்றும் பார்க்கலாமே!

கட்டடங்களுக்கும் இதே கதைதான். 2014 நவம்பரில், மழையில், கடற்கரைச் சாலையின் பழைய 'மேரி' கட்டடம் இடிந்து விழுந்தது. பிறகு பழைய தோற்றத்திலேயே திரும்பக் கட்டினார்கள். எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் அப்படியே கட்ட முடியும். தமிழர் பகுதியில் திண்ணையும் தாழ்வாரமும் முற்றமுமாக நின்ற வீடுகள் பல, வரைந்து வைக்க ஆளில்லாமலேயே மறைந்துகொண்டிருக்கின்றன.

செல்போனிலேயே பார்க்கலாம்!

ஹேக்குக்கோ பாரீஸுக்கோ டிக்கெட் போட வேண்டாம்.

1. பாரீஸ் தேசிய நூலகத்தின் 'காலிகா' தளத்தில் தான்வீல் தொகுப்பு உட்படப் பழைய வரைபடங்களை இலவசமாக ஜூம் செய்து பார்க்கலாம். தேடும்போது 'பொந்திஷேரி' என்ற பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் தேட வேண்டும்.

2. நெதர்லாந்து தேசிய ஆவணக் காப்பகமும் தன் வரைபடங்களை இணையத்தில் வைத்திருக்கிறது. அமெரிக்காவின் டேவிட் ரம்சி தொகுப்பிலும் இந்திய வரைபடங்கள் ஏராளம்.

3. படம் கிடைத்ததும் நான்கு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஆண்டு, வரைந்தவர், திசை, அளவு. ஆண்டு இல்லாத வரைபடத்தை வைத்து வாதாடாதீர்கள்.

4. மாறாத இரண்டு மூன்று இடங்களைப் பிடியுங்கள். கோயில், தேவாலயம், தெரு முனை. அவற்றை இன்றைய மேப்போடு பொருத்தினால் மற்றவை தானாக விளங்கும். ஆய்வாளர்கள் கணினியில் செய்வதும் அடிப்படையில் இதைத்தான்.

5. பள்ளி, கல்லூரி மாணவர்கள் பிரெஞ்சு ஆய்வு நிறுவன நூலகத்தையும், லாஸ்பேட்டையில் உள்ள இந்திய தேசிய ஆவணக் காப்பகத்தின் புதுச்சேரி மையத்தையும் முறைப்படி அனுமதி கேட்டு அணுகலாம்.

உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் என்ன இருக்கிறது?

தெலோஷ் தேடியதெல்லாம் கம்பெனிகளும் அரசுகளும் பாதுகாத்த தாள்கள். ஆனால், புதுச்சேரியில் இன்னொரு காப்பகம் இருக்கிறது. அது வீடுகளில் இருக்கிறது. தாத்தா காலத்து நொத்தேர் எழுதிய பிரெஞ்சுப் பத்திரம், பாகப்பிரிவினையின்போது கையால் போட்ட மனைப் படம், கிணறும் மாமரமும் குறித்த எல்லைக் குறிப்பு. பிரெஞ்சு தெரிந்த தலைமுறை போய்விட்டதால், 'இது என்னவோ பழைய காகிதம்' என்று பழைய பேப்பர்காரருக்கு எடை போட்டுவிடுகிறோம். அரசு வரைபடத்தில் வெறும் கட்டமாக இருக்கும் ஒரு தெருவில் உண்மையில் யார் வாழ்ந்தார்கள் என்று சொல்வது இந்தத் தாள்கள்தான்.

அப்படி ஏதாவது இருந்தால் லேமினேட் செய்யாதீர்கள். செலோடேப் ஒட்டாதீர்கள். பசை சில ஆண்டுகளில் மஞ்சளாகித் தாளைத் தின்றுவிடும். மடிப்பை மெதுவாகப் பிரித்து, தட்டையாக, ஈரமும் ராமபாணப் பூச்சியும் அண்டாத இடத்தில் வையுங்கள். பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து, நேர் மேலிருந்து புகைப்படம் எடுங்கள். வீட்டுப் பெரியவர்களை உட்காரவைத்து, எந்த இடம், யார் வரைந்தது என்று கேட்டுத் தனித் தாளில் எழுதி வையுங்கள்.

யாராவது விலைக்குக் கேட்டு வந்தால் அவசரப்பட வேண்டாம். 1972-ம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, 75 ஆண்டுகளுக்கு மேற்பட்ட, வரலாற்று மதிப்புள்ள கையெழுத்து ஆவணங்கள் தொல்பொருளாகக் கருதப்படும். தனியார் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது.

1694-ல் வரைந்த ஒரு தாள் ஹேக் நகரில் பத்திரமாக இருந்ததால்தான், புதுச்சேரியின் தெருக்களுக்குக் கட்டம் போட்டது யார் என்று 300 ஆண்டுகள் கழித்து நமக்குத் தெரிந்தது. அதை யாரோ தூக்கிப் போடாமல் வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். அடுத்த முறை பரண் சுத்தம் செய்யும்போது, கட்டுக்கட்டாகக் கட்டிய காகிதங்களைக் கீழே இறக்கியதும் ஒரு முறை பிரித்துப் பாருங்கள்.